இரண்டு பேர் அமரும் மேசை

சென்ற ஞாயிறு மாலை கடற்கரைச் சாலையில் நடையை முடித்துக்கொண்டு நானும் என் பள்ளித் தோழரும் துய்மா வீதி வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தோம். வழியில் ஓர் உணவு விடுதி. முற்றத்தில் சின்னச் சின்ன மேசைகள். ஒவ்வொன்றிலும் இரண்டு பேர். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் சனி, ஞாயிறுக்கு வருகிற இளம் தம்பதிகள்.

நண்பர் நின்று பார்த்தார். "வீட்டுல சோறு இல்லையா இதுங்களுக்கு? எதிர் எதிரா உக்காந்து தின்னுறதுக்கு ரெண்டாயிரம் ரூபாயா?" என்றார்.

"அந்தச் சின்ன மேசைக்கு 250 வருஷத்துக் கதை இருக்குப்பா" என்றேன். கேட்டுக்கொண்டே வந்தார். பாதிக் கதையில் அவர் வீட்டுத் திருப்பம் வந்துவிட்டது. டி.வி. தொடருக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார். மீதியை இங்கே எழுதுகிறேன். தொடக்கத்தைக் கேட்காதவர்களுக்காக முதலிலிருந்தே.

1750 வாக்கில் வெளியூர்க்காரன் ஒருவன் பாரிஸ் நகருக்கு வந்தால் எங்கே சாப்பிடுவான்? உணவு விடுதி என்று நாம் இன்று சொல்கிற இடம் அப்போது அங்கே கிடையாது. ஒவ்வொரு தின்பண்டத்துக்கும் ஒரு தொழிற்சங்கம். வறுத்த இறைச்சி விற்பவர் ஒரு சங்கம், பன்றி இறைச்சிக்காரர் ஒரு சங்கம், ரொட்டிக்காரர் இன்னொன்று. "த்ரேத்தர்" என்ற சமையல்காரர்கள் விருந்துகளுக்கு மொத்தமாகச் சமைத்துக் கொடுப்பார்கள். தனி ஆளுக்கு ஒரு தட்டு என்ற பேச்சு அவர்களிடம் அநேகமாக இல்லை. சத்திரங்களிலும் சில த்ரேத்தர்களிடமும் "தாப்லு தோத்" என்று ஒன்று உண்டு. விடுதிக்காரரின் மேசை என்று பொருள். நீளமான ஒரே மேசை. குறித்த நேரத்துக்கு வர வேண்டும். முன்பின் தெரியாதவர்களோடு வரிசையாக உட்கார வேண்டும். அன்று சமைத்தது எதுவோ அதுதான்.

நம் கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பரிமாற ஆள் இல்லாத பந்தி. பாத்திரத்தை நடுவில் வைத்துவிடுவார்கள். அருகில் உட்கார்ந்தவனுக்கும் கை வேகமானவனுக்கும் நல்ல துண்டு, கடைசியில் உட்கார்ந்தவனுக்குக் குழம்பு. உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள்.

அந்தக் காலத்தில் "ரெஸ்தோரான்" என்பது ஓர் இடத்தின் பெயரே அல்ல, ஒரு சாற்றின் பெயர். உடலைத் தேற்றுவது என்று பொருள். இறைச்சியை வெகுநேரம் வேகவைத்து வடித்த ரசம். பிள்ளை பெற்றவளுக்கும் காய்ச்சலில் கிடந்து எழுந்தவனுக்கும் நம் வீட்டில் நாட்டுக்கோழிச் சாறு வைப்பதில்லையா, அதே சங்கதி. 1760-களில் பாரிஸில் சிலர் இந்தச் சாற்றை விற்பதற்கென்றே கடை போட்டார்கள். உடம்புக்கு முடியாதவர்கள் வரும் இடம், ஆகவே எந்த நேரமும் வரலாம். தனியாக அமைதியாக உட்காரலாம். சாற்றின் பெயரே கடைக்கும் ஒட்டிக்கொண்டது.

பள்ளியில் எங்கள் பிரெஞ்சு ஆசிரியர் இதைப் பற்றி ஒரு கதை சொல்வார். 1765-இல் பூலான்ஜே என்ற ஒருவர் சாற்றோடு சேர்த்து ஆட்டுக்காலை வெள்ளைச் சாஸில் போட்டு விற்றாராம். த்ரேத்தர்கள் வழக்குப் போட்டார்களாம். ஆட்டுக்கால் வென்றதாம். அதிலிருந்து பிறந்ததுதான் ரெஸ்தோரான் என்பார். வகுப்பே சிரிக்கும். பின்னாளில் வரலாற்றாசிரியர்கள் ஆவணங்களைத் தேடிப் பார்த்ததில் அப்படி ஒரு வழக்கு அகப்படவே இல்லை. அகப்பட்டவர் ரோஸ் தெ ஷாந்துவாசோ என்ற இன்னொருவர். பாரிஸ் வணிகர்களின் முகவரிகளைத் திரட்டிப் புத்தகம் போட்டவர், நாட்டின் கடனையெல்லாம் அடைக்கத் திட்டம் எழுதிக் கொடுத்தவர். முதல் ரெஸ்தோரான்காரர்களில் ஒருவர் என்று இன்று அவரைத்தான் சொல்கிறார்கள். கோப்புகளோடு 37 ஆண்டு குப்பை கொட்டியவன் என்பதால் எனக்கு இந்தத் திருத்தம் பிடித்திருக்கிறது. நல்ல கதை வேறு, கோப்பில் இருப்பது வேறு.

ஆக, அந்தக் கடை கொண்டுவந்த புதுமை சாறு அல்ல. மூன்று சங்கதிகள். முதலாவது, நீள மேசை போய்ச் சின்ன மேசை வந்தது. நீங்களும் நீங்கள் அழைத்து வந்தவரும் மட்டும் உட்காரலாம். இரண்டாவது, மணியடித்தால் சோறு என்பது போய், பசித்த நேரத்தில் சோறு என்று ஆயிற்று. மூன்றாவது, "கார்த்" என்ற பட்டியல். இன்னின்ன இருக்கிறது, இன்னின்ன விலை. பையில் இருப்பதற்குத் தக்கபடி தேர்ந்தெடுக்கலாம். இதெல்லாம் எவ்வளவு பெரிய வசதி என்று பிரியா சவரேன் என்ற நீதிபதி 1825-இல் உணவைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற புத்தகத்தில் வியந்து எழுதியிருக்கிறார்.

1780-களில் போவிலியே என்பவர் பெரிய விடுதி திறந்தார். அரசரின் தம்பியிடம் வேலை பார்த்தவர். நல்ல மேசைவிரிப்பு, நல்ல கண்ணாடிக் குவளை, இடுப்பில் வாளோடு தானே வந்து விருந்தினரை விசாரிப்பாராம். 1789-இல் புரட்சி. பிரபுக்கள் பலர் நாட்டைவிட்டு ஓட, அவர்களுடைய சமையல்காரர்கள் வேலையிழந்தார்கள். 1791-இல் தொழிற்சங்கக் கட்டுப்பாடுகளும் ஒழிந்தன. யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் சமைத்து விற்கலாம். நாடெங்குமிருந்து வந்த மக்கள் பிரதிநிதிகளுக்கோ பாரிஸில் வீடு இல்லை, சோறு வேண்டும். பலே ருவாயால் தோட்டத்தைச் சுற்றி ரெஸ்தோரான்கள் பெருகின. நம் ஊர் அந்தச் சமயத்தில் பிரெஞ்சுக்காரர் கையிலேயே இல்லை. 1793-இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்து 1816-இல்தான் திருப்பிக் கொடுத்தார்கள். ரெஸ்தோரான் வளர்ந்த முதல் இருபது வருஷத்தை நாம் தவறவிட்டோம் என்று வைத்துக்கொள்ளலாம்.

நெப்போலியன் விழுந்த பிறகு ஆங்கிலேயர்கள் கூட்டங்கூட்டமாகப் பாரிஸைப் பார்க்க வந்தார்கள். திரும்பிப் போய்ப் பயண நூல்கள் எழுதினார்கள். அவர்களை மிகவும் திகைக்கவைத்த காட்சிகளில் ஒன்று, ரெஸ்தோரானில் பெண்கள் உட்கார்ந்து சாப்பிடுவது. கணவனோடு, குழந்தைகளோடு, ஊரார் பார்க்க, பக்கத்து மேசையில் யாரோ எவரோ இருக்க. பணப் பெட்டிக்குப் பின்னால் உயரமான இருக்கையில் உட்கார்ந்து கணக்குப் பார்ப்பவளும் ஒரு பெண். அவர்கள் ஊரில் மரியாதைப்பட்ட பெண்கள் வெளியில் அப்படி உட்கார்ந்து சாப்பிடுவது வழக்கமில்லை. அமெரிக்காவின் பெரிய ஓட்டல்களிலோ பெண்களுக்கென்று தனி உணவறை வைத்திருந்தார்கள்.

இதைக் கேட்டு, பாரிஸில் பெண்களுக்கு எல்லாம் சரிசமமாக இருந்தது என்று நினைத்துவிடாதீர்கள். தனியாக வந்த பெண்ணைச் சந்தேகமாகப் பார்த்தார்கள். பணக்கார விடுதிகளில் ஆணிடம் விலை போட்ட பட்டியலும் பெண்ணிடம் விலை போடாத பட்டியலும் கொடுக்கும் பழக்கம் நெடுங்காலம் இருந்தது. அவளுக்கு விலை தெரிய வேண்டியதில்லை, கொடுக்கப் போவது அவனல்லவா! இன்னொன்றும் இருந்தது. "கபினே பர்த்திகுலியே" என்ற சின்னத் தனியறைகள். கதவைச் சாத்திக்கொள்ளலாம். செய்ன் நதிக்கரையில் லாபெரூஸ் என்ற பழைய விடுதியில் இப்போதும் அந்த அறைகள் உண்டு. அங்குள்ள கண்ணாடிகளில் கீறல்கள் தெரியும். பரிசாகக் கிடைத்த வைரம் அசலா என்று பெண்கள் கீறிப் பார்த்த தடம் என்பார்கள். வந்தவர்கள் பெரும்பாலும் தம்பதிகள் அல்லர் என்பது சொல்லாமலே விளங்கும்.

தனியறை என்றதும் உங்களில் பலருக்கு ஞாபகம் வந்திருக்கும். நம் ஊர் ஓட்டல்களின் "ஃபேமிலி ரூம்".

1976-இல் எங்களுக்குக் கல்யாணம். அடுத்த மாதம் நாலு நாள் விடுப்பு எடுத்து மனைவியை மெட்ராஸுக்கு அழைத்துப் போனேன். மெரினா, செத்த காலேஜ், உயிர்க் காலேஜ் எல்லாம் பார்த்தோம். மதியம் மவுண்ட் ரோடு பக்கம் ஓர் ஓட்டல். உள்ளே நுழைந்ததும் கல்லாவில் இருந்தவர் எங்களைப் பார்த்துவிட்டு, "ஃபேமிலி அந்தப் பக்கம்" என்று கை காட்டினார். மரப்பலகை அடித்த சின்ன அறை. வாசலில் பச்சைத் திரை. மின்விசிறிக் காற்று பலகைக்கு அந்தப் பக்கமே நின்றுவிடும். சர்வர் திரையை விலக்கும்போதெல்லாம் இவள் தலையைக் குனிந்துகொள்வாள். "ரெண்டு மசாலா தோசை, ரெண்டு காபி" என்று நான் சொன்னேன். பத்து நிமிஷத்தில் சாப்பிட்டு வெளியே வந்துவிட்டோம். உள்ளே என்ன பேசினோம் என்று நினைவில்லை. பேசியிருக்க மாட்டோம்.

பாரிஸில் தம்பதி அல்லாதவர்கள் ஒளிந்துகொள்ள அறை வைத்தார்கள். நாமோ தாலி கட்டிய தம்பதியை ஒளித்துவைக்க அறை வைத்தோம். யோசித்துப் பார்த்தால் சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் காரணம் இல்லாமல் இல்லை. பெண் பிறர் கண்முன் சாப்பிடுவது அப்போது கூச்சமான விஷயம். வீட்டிலேயே அவள் யார் எதிரிலும் உட்கார்ந்து சாப்பிட்டதில்லையே! என் அப்பா சாப்பிடுவார், பிறகு நாங்கள், பிறகு அம்மா. அப்பா சாப்பிட்ட இலையிலேயே அம்மா போட்டுக்கொண்டு சாப்பிட்டதைப் பார்த்திருக்கிறேன். எங்கள் காலத்தில் இலை போய் எவர்சில்வர் தட்டு வந்தது, வரிசை மட்டும் மாறவில்லை. நான் அலுவலகத்திலிருந்து வந்து சாப்பிடுவேன். அவள் குசினிக்கும் கூடத்துக்குமாக நடப்பாள். ரசம், இன்னொரு கரண்டி சோறு, அப்பளம், மோர். நான் கை கழுவிய பிறகு அவள் எப்போது சாப்பிட்டாள் என்று நான் கவனித்ததில்லை.

பாரிஸ் ரெஸ்தோரானிலும் தொடக்கத்தில் பணம் உள்ளவர்களுக்குத்தான் இடம். சாதாரணக் குடும்பங்களுக்கும் அந்தச் சின்ன மேசை கிடைக்கக் காரணமானவர் ஓர் இறைச்சிக் கடைக்காரர். துய்வால் என்று பெயர். 1850-களில், தன் கடையில் விற்காமல் நிற்கும் இறைச்சியைக் கொண்டு சாறும் வேகவைத்த கறியும் செய்து மலிவாக விற்கத் தொடங்கினார். அந்தக் கடைகளுக்குப் "பூயோன்" என்று பெயர், அதற்கும் சாறு என்றே பொருள். பார்த்தீர்களா, சுற்றிச் சுற்றிச் சாற்றிலேயே வந்து நிற்கிறது. ரொட்டி, வைன், காய்கறி ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விலை, எல்லாம் முன்கூட்டியே பட்டியலில். பரிமாறியவர்கள் கறுப்பு உடையும் வெள்ளை ஏப்ரனும் குல்லாயும் அணிந்த பெண்கள். ரெனுவார் என்ற பெரிய ஓவியர் 1875 வாக்கில் அந்தப் பணிப்பெண்களில் ஒருத்தியை வரைந்திருக்கிறார். பெண்கள் பரிமாறுகிற, விலை தெரிந்த இடம் என்பதால் பெண்கள் தனியாகவும் தயங்காமல் போனார்கள். துய்வாலைப் பார்த்துப் பலரும் தொடங்கினார்கள். 1896-இல் ஷார்த்தியே என்ற அண்ணன் தம்பி இருவர் ஃபோபூர் மோன்மார்த்ர் வீதியில் திறந்த பூயோன் இன்றும் நடக்கிறது. 1989-இல் அரசு அதைப் பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னமாக்கியது.

அங்கே நாங்கள் இருவரும் 2011-இல் சாப்பிட்டோம். கதையின் மீதி அதுதான்.

2010-இல் ஓய்வு பெற்றேன். அடுத்த கோடையில் என் மச்சினன் எங்களை அழைத்தான். அவர்கள் அப்பா சொல்தா. குடும்பமே பிரெஞ்சுக் குடியுரிமை. மச்சினன் பாரிஸுக்கு வடக்கே சார்செல் பக்கம் இருக்கிறான். நம் ஊர்க்காரர்கள் அங்கே நிறைய. இரண்டு மாதம் தங்கினோம். தினமும் ரயிலேறிப் பாரிஸைச் சுற்றினோம். கையில் எப்போதும் டிபன் டப்பா. எலுமிச்சைச் சோறு, புளிச்சோறு, உருளைக்கிழங்கு வறுவல். ஈஃபல் கோபுரத்தடிப் புல்வெளியில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறோம், லூவ்ர் வாசல் கல் பெஞ்சில் சாப்பிட்டிருக்கிறோம். வெளியில் சாப்பிட்டால் என்ன ஆகும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே இருப்பேன். ஒரு யூரோ அப்போது ஏறக்குறைய 65 ரூபாய். பென்ஷன்காரன் பயப்படாமல் என்ன செய்வான்?

நாலாவது வாரம் மச்சினன் கோபித்துக்கொண்டான். "அத்தான், பாரிஸுக்கு வந்துட்டுப் புளிச்சோறு தின்னுட்டுப் போனேன்னு ஊர்ல சொல்லப் போறீங்களா? அக்காவ ஒரு நாளாவது வெளியில கூட்டிட்டுப் போங்க" என்றான். விலை மலிவான இடம் என்று ஷார்த்தியேவின் வழியைச் சொன்னவனும் அவன்தான்.

முன்பதிவு கிடையாது. முற்றத்தில் வரிசை. அரைமணி நின்று உள்ளே போனோம். பெரிய கூடம். உயரமான கூரை, சுற்றிலும் கண்ணாடிகள், உருண்டை விளக்குகள், தொப்பியும் பையும் வைக்கத் தலைக்கு மேலே பித்தளைச் சட்டங்கள். சுவரோரம் எண் போட்ட சிறு மர இழுப்பறைகள். அந்தக் காலத்து வாடிக்கைக்காரர்கள் தங்கள் கைத்துண்டை வைத்துவிட்டுப் போவதற்கானவை. எங்கள் அலுவலகப் பதிவேட்டு அறை ஞாபகம் வந்தது எனக்கு. கூட்டம் அதிகமானால் தெரியாதவர்களையும் ஒரே மேசையில் சேர்த்து உட்காரவைப்பது அங்கே வழக்கம். நாலு பேர் மேசையில் ஏற்கெனவே ஒரு வயதான பிரெஞ்சுத் தம்பதி. பக்கத்தில் எங்களுக்கு இடம் காட்டினார்கள். நானும் அவளும் எதிரெதிரே உட்கார்ந்தோம்.

உட்கார்ந்ததும் ஒன்று உறைத்தது. கல்யாணமாகி 35 வருஷத்தில் நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி ஒரே நேரத்தில் சாப்பிட உட்கார்ந்தது மெட்ராஸ் ஃபேமிலி ரூமுக்கு அடுத்து இதுதான்.

கறுப்பு வெயிஸ்ட்கோட்டும் வெள்ளை ஏப்ரனுமாகப் பரிசாரகர் வந்தார். என் பிரெஞ்சைக் காட்ட நல்ல சந்தர்ப்பம் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். எனக்கு இன்னது, மதாமுக்கும் அதுவே என்று சொல்லி முடித்தேன். அவர் எழுதவில்லை. அவள் பக்கம் திரும்பி, "மதாமுக்கு?" என்றார் மறுபடியும்.

"என்ன கேக்குறாரு?" என்றாள்.

"உனக்கு என்ன வேணும்னு."

"அப்ப என்னைத்தான கேக்குறாரு? நீங்க ஏன் சொல்றீங்க?" என்று பட்டியலை எடுத்து என் முன்னால் வைத்தாள். "படிங்க. முதல்லேருந்து."

பரிசாரகர் புரிந்துகொண்டார்போல. சிரித்துவிட்டுப் பக்கத்து மேசைக்குப் போனார். நான் ஒவ்வொரு வரியாகப் படித்து விளக்கம் சொன்னேன். நத்தை என்றதும் முகத்தைச் சுளித்தாள். புளித்த முட்டைக்கோஸ் என்றதும் "கெட்டுப்போனதா?" என்றாள். பிரவேயில் நான் எழுதிய மொழிபெயர்ப்புத் தேர்வு இவ்வளவு கடினமாக இல்லை. கடைசியில், துருவிய காரட், வறுத்த கோழியும் உருளைக்கிழங்கும் என்று முடிவு செய்தாள். பரிசாரகர் திரும்பி வந்தபோது, "கால் துண்டு வேணும்னு சொல்லுங்க" என்றாள்.

நான் ஒரு நொடி நின்றுவிட்டேன். எங்கள் வீட்டில் கோழி வாங்கினால் இரண்டு கால்கள். ஒன்று எனக்கு, மற்றது பையனுக்கு. நெஞ்சுத் துண்டுகள் மாமியார், மாமனார் இருந்தவரை அவர்களுக்கு. கழுத்தும் முதுகெலும்பும்தான் அவள் தட்டில் பார்த்திருக்கிறேன். அதுதான் அவளுக்குப் பிடிக்கும் என்று நான் நினைத்திருந்தேனா, அல்லது நினைக்கவே இல்லையா? இரண்டாவதுதான் உண்மை. "லா கூயிஸ்" வேண்டுமாம் என்று பரிசாரகரிடம் சொன்னேன். "நிச்சயமாக, மதாம்" என்று அவளிடமே பதில் சொன்னார் அவர்.

கோழி வந்தது. ஒரு துண்டு வாயில் வைத்துவிட்டு, "சூடா இருக்கு" என்றாள். நாங்களெல்லாம் சாதாரணமாகச் சொல்கிற வார்த்தைதான். அவள் சொன்ன விதத்தில் என்னால் உடனே சாப்பிட முடியவில்லை.

பக்கத்திலிருந்த பிரெஞ்சு மூதாட்டி தன் தட்டிலிருந்த உருளைக்கிழங்கில் பாதியைக் கணவர் தட்டில் தள்ளிவிட்டார். அவர் தன் மீனில் ஒரு துண்டை எடுத்து மனைவி தட்டில் வைத்தார். இருவரும் பேச்சை நிறுத்தவே இல்லை. இவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். எச்சில் என்று ஏதாவது சொல்வாள் என்று நினைத்தேன். அவளோ தன் தட்டை என் பக்கம் நகர்த்தி, "எனக்கு இவ்வளவு முடியாது. எடுத்துக்குங்க" என்றாள். எடுத்துக்கொண்டேன். அப்பாவின் இலையில் அம்மா சாப்பிட்டது நினைவுக்கு வந்தது. அவள் தட்டிலிருந்து நான் எடுத்துச் சாப்பிட்டது அதுதான் முதல் தடவை.

கடைசியில் இனிப்பு. மரோன் என்ற கொட்டையை மசித்துச் சர்க்கரை சேர்த்து, மேலே அடித்த பாலாடை. "பனங்கிழங்கை இடிச்சு வெல்லம் போட்ட மாதிரி இருக்கு" என்றாள். அதைச் சாப்பிட்டுக்கொண்டே, வெகு சாதாரணமாக, "அன்னைக்கு மெட்ராஸ்ல எனக்குப் பூரி சாப்பிடணும்னு இருந்துச்சு" என்றாள்.

"சொல்லியிருக்கலாமே?"

"நீங்க கேக்கலியே."

பூரி கேட்க 35 வருஷம். சண்டைக்காக அவள் அதைச் சொல்லவில்லை. கோபமாக இருந்திருந்தால் எனக்குப் பதில் சொல்ல வசதியாக இருந்திருக்கும்.

பரிசாரகர் வந்து மேசையில் விரித்திருந்த காகிதத்திலேயே கணக்கை எழுதிக் கூட்டினார். அங்கே அதுதான் வழக்கம். தணிக்கைக்காரன் புத்தி, நானும் தலைகீழாக ஒருமுறை கூட்டிப் பார்த்தேன், சரியாக இருந்தது. கூட்டிய தொகையைப் பார்த்துவிட்டு அவள் 65-ஆல் பெருக்கச் சொன்னாள். "பரவாயில்லை, கொடுங்க" என்றாள்.

ஊர் திரும்பிய பிறகு எல்லாம் மாறிவிட்டது என்று எழுதினால் என் மனைவி இதைப் படித்துவிட்டுச் சிரிப்பாள். முதல் ஒரு வாரம் மேசை நடுவில் பாத்திரங்களை வைத்து இருவரும் ஒன்றாகச் சாப்பிட்டோம். எட்டாம் நாள் ரசத்தைச் சுடவைக்க அவள் எழுந்தாள். பழக்கம். பிறகு அது பழையபடி நழுவத் தொடங்கியது. இப்போது ஓர் ஒப்பந்தம். மதியம் எழுந்து போவது அவள், இரவு எழுந்து போவது நான். கோழி வாங்கும் அன்று கால் துண்டு யாருக்கு என்று கேட்டுவிட்டுத்தான் தட்டில் வைப்பது. பாதி நாள் எனக்கே கொடுத்துவிடுகிறாள். ஆனால் கேட்கிறேன்.

நீள மேசை போய்ச் சின்ன மேசை வந்தது, மணிக் கணக்கு போய்ப் பசிக் கணக்கு வந்தது, விலைப்பட்டியல் வந்தது என்று மேலே எழுதினேன். நான்காவதாக ஒன்றையும் சேர்த்திருக்க வேண்டும். உட்கார்ந்த ஒவ்வொருவரையும் தனித்தனியாக, "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று ஒருவர் வந்து கேட்பது. பந்தியில் அந்தக் கேள்வி கிடையாது. எங்கள் வீட்டிலும் கிடையாது. அதைக் கேட்பதற்கு ஒரு பரிசாரகர் பாரிஸில் வேண்டியிருந்தது.

நேற்று மாலை நடையில் நண்பரிடம் இந்த மீதியையும் சொல்லி முடித்தேன். கொஞ்ச தூரம் பேசாமல் வந்தார். பிறகு, "எங்க வீட்டுல அவளுக்கு என்ன பிடிக்கும்னு எனக்கு நல்லாத் தெரியும்ப்பா" என்றார்.

"என்ன பிடிக்கும்?" என்றேன்.

காந்தி சிலை தாண்டி, அவர் வீட்டுத் திருப்பம் வரும்வரை யோசித்துக்கொண்டே வந்தார்.